பார்த்தேன். சரி.

என் அண்ணனும் நானும் ஏழு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஏழு வருடத்தில் ஒரு வாரம்கூட ஒருவருக்கொருவர் எழுதாமல் இருந்ததில்லை. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்களுக்கு அது வேலை.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வி.பி.என். மென்பொருளைப் பராமரிக்கிறோம். பராமரித்தோம் என்று எழுத வேண்டும், கை இன்னும் பழகவில்லை. வீட்டுக் கணினிக்கும் தூரத்து அலுவலகக் கணினிக்கும் நடுவில், வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி ஒரு குழாய் போட்டுத் தருவது அதன் வேலை. இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், எங்களைத் திட்டலாம். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் செய்வார்கள். வீட்டிலிருந்து நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பெயர் வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்கிற நிருபர்களும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் யாரும் எங்களுக்கு எழுதியதில்லை. குழாய் நன்றாக இருக்கும்வரை குழாய்க்காரனை யார் நினைக்கிறார்கள்?

பகலில் நான் ஒரு அச்சகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். அது சோற்றுக்கு. இது எதற்கு என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கேட்டார். பிறகு அவரே கேட்பதை விட்டுவிட்டார்.

மென்பொருள் எழுதுவது பெரிய காரியமில்லை. எழுதியதை உயிரோடு வைத்திருப்பதுதான் ஆளைக் கொல்லும். விண்டோஸ், மேக், லினக்ஸ், இரண்டு வகை ஃபோன்கள், சுவரில் மாட்டும் சின்ன ரூட்டர் பெட்டிகள் என்று எல்லாவற்றிலும் அது ஓட வேண்டும். எல்லாம் சம்பந்தி வீடுகள். ஒரு வீட்டுக்காரர் மனம் கோணாமல் நடந்துகொண்டால் அடுத்த வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். போதாததற்கு, குழாயைப் பூட்டி, வருபவர் யாரென்று சரிபார்க்கும் பூட்டு வேலையை நாங்களே செய்வதில்லை. அதற்கென்று மற்றவர்கள் எழுதி வைத்த லைப்ரரிகள் இருக்கின்றன. நாங்கள் இரண்டை நம்பியிருந்தோம். கணினிகளுக்கும் ஃபோன்களுக்கும் ஒன்று, ரூட்டர் பெட்டிகளுக்கு ஒன்று. நாங்கள் வைத்த பெயர் பெரியவன், சின்னவன்.

பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாது. அதைச் சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. குழாய்க்குள் வர ஒருவர் ஒரு சான்றிதழை நீட்டுகிறார். இது உண்மையா என்று நாம் லைப்ரரியைக் கேட்கிறோம். அது ஒரு எண்ணைத் திருப்பித் தரும். சின்னவன் பூஜ்யம் என்று சொன்னால் 'ஒரு தப்பும் இல்லை' என்று அர்த்தம். கழித்தல் எண் சொன்னால் தப்பு. பெரியவன் ஒன்று என்று சொன்னால்தான் சரி. அவன் பூஜ்யம் என்று சொன்னால் 'கையெழுத்து பொய்' என்று அர்த்தம். கழித்தல் எண் சொன்னால் 'காகிதமே கிழிந்திருக்கிறது, படிக்க முடியவில்லை.' ஒரே பூஜ்யம். ஒரு வீட்டில் உள்ளே வா, அடுத்த வீட்டில் வெளியே போ.

இந்த மென்பொருளை இருபது வருடம் முன்பு தொடங்கியவன் அண்ணன். மூன்றாவது வருடம் நான் சேர்ந்தேன். அவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு, பொறுப்பாளர்கள் என்று எங்கள் இருவர் பெயரும் இருக்கும் கோப்பின் தலையிலேயே எழுதி வைத்திருந்தான்: 'இரண்டு பேர் பார்க்காமல் ஒரு காற்புள்ளிகூட உள்ளே போகக் கூடாது.' ஒருவர் எழுதினால் மற்றவர் வரி வரியாகப் பார்த்து, எல்லோரும் படிக்கும் மடல் குழுவில், 'பார்த்தேன். சரி.' என்று எழுத வேண்டும். அந்த இரண்டு சொல் இல்லாமல் எதுவும் வெளியே போகாது.

அண்ணனிடமிருந்து அந்த இரண்டு சொல்லை வாங்குவது கல்லில் நார் உரிப்பது. குழுவில் அவனுக்குச் 'சல்லடை' என்று பெயர். அவனைத் தாண்டி ஒரு தூசி போகாது என்ற அர்த்தத்தில் வைத்தார்கள். சல்லடை என்றால் ஓட்டைகளும்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஏழு வருடம் முன்பு என் மகளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். புதுப் பதிப்பின் வெளியீட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நான் வராந்தா பெஞ்சில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு திருத்தத்தை முடித்து அனுப்பினேன். அதில் ஒரு தவறு இருந்தது. அண்ணன் குழுவில் எழுதினான்: 'அடுப்பில் பால் பொங்குகிறதா? போய் அதைப் பார். இங்கே கவனம் உள்ளவர்கள் வேலை செய்கிறார்கள்.' குழுவில் நானூறு பேர். பதினோரு பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். மகள் ஆஸ்பத்திரியில் இருந்தது அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக நான் மன்னிக்கவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. அப்பா தவறியபோதுகூட அவன் வாசலில் நின்றான், நான் பின்கட்டில் நின்றேன். ஆனால் மென்பொருளை விட இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. நான் விட்டால் அவன் ஜெயித்த மாதிரி. அவன் விட்டால், அது அவன் பெற்ற பிள்ளை, எப்படி விடுவான்? அதனால் எழுதிக்கொண்டோம். நான் எழுதியதில் அவன் குறை கண்டுபிடிப்பான், எண் போட்டு. ஒரு தடவை பதினேழு குறை. 'வரி 88, இடைவெளி அதிகம். வரி 91, பெயர் பொருத்தமில்லை. வரி 140, இது ஏன்?' படிக்கும்போது உடம்பெல்லாம் எரியும். திருத்தி முடித்ததும், கோட் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கும். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். மோதிரம் போட்ட கை வலிக்காது என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு ஒன்றரை வருடம் முன்பு, ஒரு நாள், எண் போட்ட பட்டியல் வரவில்லை. 'பார்த்தேன். சரி.' அவ்வளவுதான். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். குறையே இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன். வாய் திறந்து மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன், இப்படிக் கேட்கிறான் என்று நினைத்தேன். அந்த மடல்களைத் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்தேன். வீட்டுக்காரரிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"ரெண்டே வார்த்தைதான இருக்கு," என்றார் அவர்.

"அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷம்."

"உங்க வீட்டு ஆளுங்க பாராட்டுறதைவிட எங்க வீட்டு ஆளுங்க திட்டுறது இனிப்பா இருக்கும்போல," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

போன வருடம் பெரியவனின் ஆட்கள் ஒரு அறிவிப்பு விட்டார்கள். பழைய முறையில் கேள்வி கேட்டால் அடுத்த பதிப்பிலிருந்து பதில் வராது, எல்லோரும் புது முறைக்கு மாறுங்கள். எங்கள் மென்பொருளில் பூட்டைத் தொடும் இடமெல்லாம் மாற வேண்டும். நான்கு மாதம், இரண்டாயிரத்து முந்நூறு வரி. கை வைத்ததுதான் வைத்தோம் என்று, பெரியவனுக்கும் சின்னவனுக்கும் தனித்தனியாக இருந்த சோதனைகளை ஒன்றாக்கினேன். ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதுவது அசிங்கம் என்று சொல்லிக்கொடுத்தவனே அண்ணன்தான். 'வந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் தள்ளு' என்று ஒரே வரி. சுத்தமாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. 'பார்த்தேன். சரி.'

"ரெண்டாயிரம் வரியை நாப்பது நிமிஷத்துலயா?" என்றார் வீட்டுக்காரர். கணினி தெரியாத மனிதர். அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

"என் கோட் அவ்வளவு சுத்தம்," என்றேன்.

ஐந்து மாதம் கழித்து, அச்சகத்தில் தேநீர் இடைவேளையில் ஒரு மடல் வந்தது. குழுவுக்கு இல்லை, எனக்கு மட்டும். பூட்டுகளைச் சோதிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். மரியாதையான மடல். பொய்க் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்றைத் தானே தயாரித்து எங்கள் குழாயில் நீட்டியதாகவும், குழாய் அவரை 'வாங்க வாங்க' என்று உள்ளே விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தார். கீழே வரி எண் போட்டிருந்தார். 412.

தேநீர் ஆறும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவன் பூஜ்யம் சொன்னாலும் தள்ள வேண்டும். பழைய கோடில் பெரியவனுக்கு 'பூஜ்யமோ அதற்குக் கீழோ' என்று இருந்தது. நான் 'பூஜ்யத்துக்குக் கீழே' என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒரே ஒரு எழுத்து. சமக்குறி. எங்கள் டெஸ்ட்கள் கிழிந்த காகிதத்தைத்தான் நீட்டிப் பார்த்தன, அதற்குக் கழித்தல் எண் வந்தது, எல்லாம் பச்சை விளக்கு. பொய்யான காகிதத்தை யாரும் நீட்டிப் பார்க்கவில்லை. ஐந்து மாதமாக உலகத்தில் பெரியவனை நம்பிய எங்கள் குழாய்களெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தன. யார் யார் உள்ளே வந்து போனார்கள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

முதலில் வெட்கம் வந்தது. அது பத்து நிமிடம். பிறகு அந்த வரிக்குக் கீழே இருந்த இரண்டு சொற்களைப் பார்த்தேன். காற்புள்ளியை விடாதவன். இடைவெளிக்கு எண் போட்டவன். அவன் கண்ணுக்கு இது தப்பியதா? தப்பவில்லை, விட்டிருக்கிறான். ஒரு நாள் இவள் தலையில் இடி விழட்டும், நானூறு பேர் பார்க்கட்டும் என்று தெரிந்தே விட்டிருக்கிறான். அந்த எண்ணம் வந்த பிறகு வேறு எண்ணம் வரவில்லை. வரி இருந்த பக்கத்தை அச்சடித்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பேருந்து ஏறினேன்.

மூன்று மணி நேரப் பயணம், மூன்றாவது மாடி. அண்ணி கதவைத் திறந்தாள். ஏழு நாள் கழித்து வந்தவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"வா. செருப்பை ஓரமா விடு. நடுவுல கிடந்தா இவரு தடுக்கிடுவாரு."

வந்ததும் வராததுமாகக் குறையா என்று நினைத்துக்கொண்டு ஓரமாக விட்டேன். சுவிட்சுகளைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மேசை விளிம்பிலும் அதே டேப். எதையும் யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

அண்ணன் ஜன்னலோரம் மேசை முன் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்ஃபோன்.

"சுண்டுவா?" என்றான். சுண்டெலி என்பது சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர். என் முகத்தைப் பார்க்கவில்லை, காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தான். முகத்துக்கு நேராகப் பார்க்கத் தைரியம் இல்லை என்று நினைத்தேன்.

"வேணும்னுதான விட்ட?"

"எதை?"

"நானூத்திப் பன்னெண்டாவது வரி. பெரியவன் ஜீரோ சொன்னா உள்ள விடுது. அஞ்சு மாசமா விடுது. நீ பார்த்தேன்னு எழுதியிருக்க. என்னத்தைப் பார்த்த?"

மடித்த காகிதத்தைப் பிரித்து அவன் கையில் திணித்தேன். அவன் அதை அருகில் கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், கொஞ்சம் சாய்த்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"ம். பார்த்தேன்," என்றான்.

அச்சடித்த பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. வெற்றுப் பக்கம் அவன் பக்கம் இருந்தது.

வாயில் வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "பேப்பரைத் திருப்பிப் பிடிச்சிருக்கண்ணா," என்றேன். ஏழு வருடத்தில் முதல் அண்ணா.

அவன் காகிதத்தை மேசையில் வைத்து மடிப்புகளை விரலால் நீவிவிட்டான். "வெளிச்சம் கம்மியா இருக்கு," என்றான். பகல் இரண்டரை மணி. வெயில் மேசை முழுக்கக் கிடந்தது.

"போதும், சொல்லிடுங்க," என்றாள் அண்ணி கதவருகில் நின்று. அவன் மடிப்பையே நீவிக்கொண்டிருந்தான். அவளே சொன்னாள். சர்க்கரை. இரண்டு வருடம் முன்பு கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். நடுப்பார்வை போய்விட்டது. கம்பெனி வேலையைத் தானாக விட்டதாக ஊருக்குச் சொன்னது பொய்.

"ஓரமெல்லாம் தெரியும்," என்றான் அண்ணன். "நேரா எதைப் பார்க்கறனோ அது தெரியாது. இப்ப உன் மூஞ்சி இருக்கற இடத்துல ஒரு கறை இருக்கு."

"அப்ப எப்படிப் பார்த்தேன்னு எழுதின?"

"பார்க்காம எழுதல. கேட்டேன். எல்லா வரியும் கேட்டேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு விசைப்பலகையில் தடவி ஏதோ அழுத்தினான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல். மூன்று மடங்கு வேகத்தில் வைத்திருந்தான், எனக்குக் கொசு ரீங்காரம்போலத்தான் கேட்டது. வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். 412-க்குப் போகச் சொன்னேன்.

"இஃப் ரெட் ஜீரோ," என்றது குரல். "ரிட்டர்ன் ஃபெயில்."

"இன்னொரு தடவை."

"இஃப் ரெட் ஜீரோ. ரிட்டர்ன் ஃபெயில்."

ரெட் என்பது லைப்ரரி திருப்பித் தரும் எண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர். அதற்கும் ஜீரோவுக்கும் நடுவில் இருந்த குறி இல்லை. கீழேயா, மேலேயா, சமமா, எதுவும் இல்லை. அந்தக் குரல் எழுத்துகளையும் எண்களையும் வாசித்தது, குறிகளை விழுங்கிவிட்டது. பழைய சரியான வரியை வாசிக்கச் சொன்னேன். "இஃப் ரெட் ஜீரோ," என்றது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"குறியெல்லாம் வாசிக்கலையே," என்றேன்.

"முதல்ல வாசிச்சுது. அடைப்பு, அடைப்பு, அரைப்புள்ளி, அடைப்புன்னு ஒவ்வொரு வரிக்கும் இருபது. தலை வெடிக்கற மாதிரி இருந்துது. நிறுத்திட்டேன்."

எங்கள் குழுவிலேயே பிறவியிலிருந்து பார்வையில்லாத ஒருவர் இருக்கிறார். 'வானொலி' என்ற பெயரில் எழுதுவார். ஃபோன் பதிப்புகள் முழுக்க அவர் கைவேலை, குறி ஒன்றுகூடத் தவறாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வழி சொல்லியிருப்பார். அதைத்தான் அண்ணனிடம் கேட்டேன்.

"என்னன்னு கேக்கறது? நானூறு பேருக்கு முன்னாடி?"

"நானூறு பேருக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவன் விசையிலிருந்து விரலை எடுத்தான். குரல் அடுத்த வரிக்குக் காத்திருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"நீ பேசினாதான சொல்றதுக்கு."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் கை டம்ளரைத் தேடி, விளிம்பில் தட்டி, பிறகு பிடித்தது. நான் எழுந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. மானம் கெட்ட கேள்வி. ஆனாலும் கேட்டேன்.

"இந்த ஒன்றரை வருஷமா நான் அனுப்பினதெல்லாம், நல்லா இருந்துதா?"

"குறை எதுவும் காதுல விழல."

"அதைக் கேக்கல."

"குறியில்லாம கேட்டா எல்லாரோட கோடும் ஒரே மாதிரிதான் இருக்கும் சுண்டு," என்றான். "நல்லா இருந்துதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வீட்டில் தனிக் கோப்பில் சேர்த்து வைத்திருந்த அந்த அறுபது, எழுபது மடல்கள் ஞாபகம் வந்தன. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதிருப்பேன். அழுதால் அவனுக்குத் தெரியாது, சத்தம் கேட்டால்தான் தெரியும் என்பதால் சத்தமில்லாமல் அழுதேன்.

ஓட்டையை அடைக்க வேண்டும், அது காத்திருக்காது. மடிக்கணினியை அவன் மேசையிலேயே திறந்து, பெரியவனுக்கும் சின்னவனுக்கும் சோதனையை மறுபடி தனித்தனியாகப் பிரித்து, பெரியவனின் வரியைத் திருத்தினேன். சட்டப்படி இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும். "வாசி," என்றான். குறிகளோடு, அடைப்போடு, அரைப்புள்ளியோடு நான் வாசித்தேன். "சமக்குறி?" என்று கேட்டான். "இருக்கு," என்றேன். "கையை வெச்சுக் காட்டு," என்றான். அவன் விரலைப் பிடித்துத் திரையில் அந்த இடத்தில் வைத்தேன். திரைக் கண்ணாடியில் என்ன தெரியும் அவனுக்கு? ஆனாலும் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

மாடிப்படி வரைக்கும் அண்ணி வந்தாள். "எப்படி ஆச்சுன்னு விவரம் எழுதுவீங்க இல்ல? கண்ணு விஷயத்தை எழுதாதம்மா. எழுதினா இவரை எடுத்துடுவாங்க. காலைல எழுந்திருக்கறதே இதுக்காகத்தான்."

"எழுதல அண்ணி," என்றேன்.

இப்படி ஓட்டை விழுந்தால், எங்கே, எப்படி, ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று ஒரு அறிக்கை வெளியிடுவது எங்கள் வழக்கம். 'ஏன் கண்டுபிடிக்கவில்லை' என்ற தலைப்பின் கீழ் நான் எழுதினேன்: 'இருவரும் வரி வரியாகப் பார்த்தோம். இருவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. குழுவில் ஆறுதல் சொன்னார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எழுதினார்கள். மடல் அனுப்பிய பெண்மணிகூட, இது எவருக்கும் நேரும் என்று எழுதினார். பொய்ச் சான்றிதழை வைத்து இனிமேல் சோதிப்போம் என்று நான் சொன்னதற்கு ஒருவர் மட்டும், யாரென்றே தெரியாத ஒருவர், 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று எழுதினார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பழமொழி சொன்னார். அண்ணனுக்கு அந்தக் குரல் அதை வாசித்துக் காட்டியிருக்கும். அதில் விழுங்க எந்தக் குறியும் இல்லை.

மறுநாள் காலை அவன் குழுவுக்கு எழுதினான்.

'அறிக்கையில் ஒரு தவறு. இருவர் பார்க்கவில்லை. ஒருவர்தான் பார்த்தார். எனக்கு இரண்டு வருடமாகப் படிக்கும் பார்வை இல்லை. ஒன்றரை வருடமாக நான் எழுதிய "பார்த்தேன்" எல்லாம் பொய். அவற்றின் கீழ் வெளியே போனதையெல்லாம் மறுபடி ஒருவர் பார்க்க வேண்டும். ஏழு வருடம் முன்பு இந்தக் குழுவில் ஒருவரிடம், அடுப்பில் பால் பொங்குவதைப் போய்ப் பார் என்று எழுதினேன். பொங்கியது என் அடுப்பில். பொறுப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும்.'

மன்னிப்பு என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மறுபடியும் நானூறு பேர் முன்னால் என்னைத் தவறு என்று சொல்லியிருந்தான். அவனுக்காகச் சொன்ன பொய், அதிலும் குறை கண்டுபிடித்துவிட்டான். எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஒன்றரை வருடத்தில் நான் எழுதியதை அவன் ஒழுங்காகப் படித்தது இந்த ஒன்றைத்தான் என்று பிறகு உறைத்தது.

வானொலி அவனுக்குப் பதில் எழுதினார். 'அமைப்புகளில் "எல்லாக் குறிகளும்" என்பதைப் போடுங்கள். முதல் மாதம் பைத்தியம் பிடிக்கும், பிறகு பழகிவிடும். ஏன் கேட்கவில்லை?' அதற்கு அண்ணன் பதில் எழுதவில்லை.

பெயரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நாட்கள் போயின. இரண்டு நிறுவனங்கள், எங்கள் மென்பொருளை இலவசமாக எடுத்து விற்பவர்கள், 'இன்னும் ஏன் அந்தப் பெயர் இருக்கிறது?' என்று கேட்டு எழுதினார்கள். நன்றி என்று ஒரு வரி இத்தனை வருடத்தில் அவர்கள் எழுதியதில்லை. ஒன்பதாவது நாள் மதியம் பட்டியல் இருந்த கோப்பைத் திறந்தேன். முதல் வரி மென்பொருளின் பெயர். இரண்டாவது வரி அண்ணன் போட்ட சட்டம். மூன்றாவது வரியில் எங்கள் பெயர்கள். அவன் பெயரை அழித்து, என் பெயருக்குப் பிறகு வானொலியின் பெயரைச் சேர்த்தேன். சேர்க்கும்போது எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. குழுவுக்கு அனுப்பினேன்.

இதையும் இரண்டாவது பொறுப்பாளர் ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மாற்றம் உள்ளே போகும்வரை இரண்டாவது பொறுப்பாளர் அண்ணன்தான்.

பதில் வர அன்று நாற்பது நிமிடம் ஆகவில்லை. மூன்று மணி நேரம் ஆனது. மூன்றே வரியைப் படிக்க மூன்று மணி நேரம்.

'கேட்டேன். மூன்றாம் வரியில், உன் பெயருக்குப் பிறகு காற்புள்ளி விடுபட்டிருக்கிறது. மற்றபடி சரி.'

கோப்பைத் திறந்து பார்த்தேன். காற்புள்ளி இல்லைதான்.